கோபுரத்துக்கு ஒரு நாள், காட்டுக்கு மூன்று இரவுகள்



கோடை விடுமுறையில் நாங்கள் மலேசியா சென்று திரும்பிய செய்தி வெள்ளானூரில் எங்கள் தெருவைச் சுற்றிவர இரண்டு நாள்கூட ஆகவில்லை. மூன்றாம் நாள் மாலை பெரியம்மா வந்தார். நாங்கள் கொண்டுவந்திருந்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார், பிள்ளைகள் காட்டிய படங்களைப் பொறுமையாகப் பார்த்தார், பிறகு கேட்டார்: "எல்லாம் சரி. இந்தக் காசுக்கு ரெண்டு பேர் உம்ரா போயிட்டு வந்திருக்கலாமே?"

அவருடைய கணக்கில் பிழை இல்லை. நால்வரின் விமானச் சீட்டு, தங்குமிடம், உணவு, படகு எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய அந்தத் தொகைதான் வருகிறது. அன்று எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "இன்ஷா அல்லாஹ், அதற்கும் போவோம்" என்று மழுப்பி அனுப்பிவிட்டோம். ஆனால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் மட்டும் கேட்கப்படுவதன்று என்பதை அறிவோம். ஊட்டிக்குப் போனாலும் சரி, துபாய்க்குப் போனாலும் சரி, சுற்றுலா என்று கிளம்பும் ஒவ்வொரு முஸ்லிம் குடும்பத்தின் பின்னாலும் ஒரு பெரியம்மா நின்று இதைக் கேட்கிறார். அவருக்கு அன்று சொல்லத் தவறியதை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

பெரியம்மா சரியாகச் சொல்லும் இடங்களை முதலில் ஒப்புக்கொள்வோம். ஹஜ் கடமையாகிவிட்டவர், அதற்கெனப் போதிய பணமும் உடல்நலமும் வாய்த்தவர், அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கோலாலம்பூர் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொள்வது முறையன்று. கடன் வாங்கிச் சுற்றுலா செல்வதும் அப்படித்தான். இன்று பயணம், நாளை முதல் மாதத் தவணை என்று விளம்பரங்கள் வருகின்றன. அந்தத் தவணைக்குள் வட்டி ஒளிந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வட்டியை வீட்டுக்குள் அழைத்து வருவதில் என்ன காட்சி இருக்கிறது? இந்த இரண்டு இடங்களிலும் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாங்கள் மூன்று ஆண்டுகள் மாதந்தோறும் எடுத்து வைத்த பணத்தில்தான் சென்றோம்.

ஆனால் பயணமே வீண் செலவு, இறைவனின் இல்லத்தை நோக்கிச் செல்லாத பயணமெல்லாம் விரயம் என்ற எண்ணத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. பூமியில் நடந்து சென்று பார்க்கும்படி திருக்குர்ஆன் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் தூண்டுகிறது. அல்காஷியா அத்தியாயம் ஒட்டகத்தையும் வானத்தையும் மலைகளையும் நிலத்தையும் சுட்டிக்காட்டிச் சிந்திக்க அழைக்கிறது. மொராக்கோவிலிருந்து ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்ட இப்னு பதூதா, ஹஜ்ஜை முடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடவில்லை. 14ஆம் நூற்றாண்டில் நம் மதுரைச் சீமைக்கு வந்தார், பிறகு சுமத்ரா வரை சென்றார். கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் ஆகிய ஊர்களிலிருந்து நம் முன்னோர் கப்பலேறி மலாயா சென்றதற்குப் பிழைப்பு காரணம் என்றாலும், அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செல்லவில்லையே.

ஆகவே போகலாமா கூடாதா என்பதைவிட, போன இடத்தில் நாட்களை எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் விரயமும் பயனும் பிரிகின்றன என்பது எங்கள் கருத்து. இதை நாங்கள் கற்றது ஒரு சுற்றுலா நிறுவனத்தின் துண்டறிக்கையிலிருந்து.

ஐந்து இரவு, ஆறு நாள் என்றது அந்த அறிக்கை. இரட்டைக் கோபுரம், மலைமேல் கேளிக்கை நகரம், சாக்லேட் கடை, கைக்கடிகாரக் கடை, மூன்று பேரங்காடிகள். கடைசியில், "மழைக்காட்டு அனுபவம்: அரை நாள்". விசாரித்தபோது அந்த அரை நாள் என்பது நகரத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு பறவைப் பூங்கா என்று தெரிந்தது. கேளிக்கை நகரத்தில் சூதாட்டக் கூடம் இருக்கிறதே என்றோம். "உள்ளே போக வேண்டாம் சார், வெளியே நின்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அந்த இளைஞர். அவர்மீது குற்றமில்லை. கேட்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் உறவில் மலேசியா சென்று வந்த நான்கு குடும்பங்களில் ஒன்றுகூடக் காட்டுக்குள் ஓர் இரவு தங்கவில்லை. நான்கு குடும்பங்களும் ஒரே பேரங்காடியில் ஒரே பைகளை வாங்கி வந்திருக்கின்றன.

நாங்கள் அந்தத் திட்டத்தைத் தலைகீழாக்கினோம். நகரத்தில் இரண்டு இரவு, தாமான் நெகாரா என்ற மழைக்காட்டில் மூன்று இரவு, திரும்பும் வழியில் மீண்டும் நகரத்தில் ஓர் இரவு. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்க மலேசியா இடம் தந்திருப்பதால் அலைச்சல் குறைந்தது. பயணத்துக்கு முன் இணையத்தில் வருகைப் படிவத்தை நிரப்பினால் போதும். வெளிவட்டச் சாலையில் ஏறி மீனம்பாக்கம், அங்கிருந்து நான்கு மணி நேரப் பறப்பு. கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொண்டோம். தொழுகை நேரங்களையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை முதல் நாள் லுஹரின்போதுதான் மகன் நினைவூட்டினான்.

கோலாலம்பூரைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. 452 மீட்டர் உயரமும் 88 தளங்களும் கொண்ட பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 1998இல் கட்டி முடிக்கப்பட்டது. 2004இல் தைபே நகரத்தின் கோபுரம் எழும்வரை உலகின் மிக உயரமான கட்டடங்கள் இவையே. வரைந்தவர் சீசர் பெல்லி. இரண்டு சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பி வைத்தால் கிடைக்கும் எட்டுமுனை நட்சத்திரம், நம் பழைய குர்ஆன் பிரதிகளின் ஓரங்களிலும் பள்ளிவாசல் சன்னல்களிலும் காணும் அதே வடிவம், ஒவ்வொரு தளத்தின் அடித்தளக் கோடாக அமைந்திருக்கிறது. கீழே நின்று பார்த்தால் இது தெரியாது. 41ஆம், 42ஆம் தளங்களில் இரு கோபுரங்களையும் இணைக்கும் பாலத்தில் நிற்கும்போதும் தெரியாது. அருகிலிருந்த ஒரு வரைபடத்தைப் பார்த்து மகள்தான் கண்டுபிடித்தாள். அந்த ஒரு கணம் நுழைவுக் கட்டணத்துக்கு ஈடானது. அதன் பிறகு அங்கே பார்ப்பதற்கு வேறெதுவும் இருக்கவில்லை. ஒரு நாள் போதும் என்பது அப்போதே புரிந்தது.

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் முனையில் 1909இல் கட்டப்பட்ட மஸ்ஜித் ஜாமிக் எங்களுக்குக் கோபுரத்தைவிடப் பிடித்திருந்தது. செங்கல்லும் வெண்சுண்ணமும் மாறி மாறி வரும் அந்தத் தூண்களைக் கண்டதும் நம் சென்னை உயர்நீதிமன்றக் கட்டடம் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே காலனியக் காலத்து இந்தோ-சாரசெனிக் பாணி. கோலாலம்பூர் என்ற பெயருக்கே சேறு கலந்த கூடுதுறை என்று பொருள். நகரம் பிறந்த இடம் இந்தப் பள்ளிவாசலின் படிக்கட்டுக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. சற்றுத் தொலைவில் மஸ்ஜித் இந்தியா. தமிழ் முஸ்லிம்கள் வளர்த்த பள்ளி. அதன் பெயரையே தாங்கிய தெருவில் அத்தரும் சேலையும் மல்லிகைப்பூவும் விற்கின்றன. அங்கே தமிழில் பயான் கேட்டது நாடு கடந்து வந்த களைப்பைப் போக்கியது. தோளில் காவடித் தண்டு போட்டுச் சோறு சுமந்து விற்ற நம்மவர்களிடமிருந்து வந்த நாசி கண்டாரை மூன்று வேளையும் உண்டோம். வேறு நாடுகளில் பாதி நேரத்தைத் தின்றுவிடும் ஹலால் தேடல் இங்கே இல்லை.

இன்னொன்றையும் பதிவுசெய்ய வேண்டும். நகரத்தில் நாங்கள் சென்ற ஒவ்வொரு பள்ளிவாசலிலும் பெண்களுக்குத் தனி இடம், ஒளூச் செய்யத் தனிக் குழாய்கள், பயணிகள் எடுத்து அணிந்துகொள்ளத் துவைத்து மடித்த தொழுகை ஆடைகள் இருந்தன. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுப் பெண்கள் எத்தனை முறை பள்ளிவாசல் வாசலில் காருக்குள் அமர்ந்து காத்திருக்கிறார்கள், எத்தனை முறை பெட்ரோல் நிலையத்தின் பின்புறம் துண்டு விரித்துத் தொழுதிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தோம். நம் பக்கத்தில் அண்மையில் சில பள்ளிகள் இடம் ஒதுக்கியிருக்கின்றன. நெடுஞ்சாலையோரப் பள்ளிகளாவது இதைச் செய்யக்கூடாதா? ஓர் அறை, ஒரு குழாய், ஒரு திரை. இதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் காலை காட்டை நோக்கிப் புறப்பட்டோம். கோலா தெம்பெலிங் படகுத்துறை வரை சாலை, அங்கிருந்து ஆற்றில் எதிர்நீச்சலாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மரப்படகு. படகு பிற்பகல் இரண்டு மணிக்கு. போய்ச் சேர ஐந்து மணியாகும். இங்கேதான் எங்கள் வீட்டின் பழைய வேடிக்கை தொடங்கியது. எங்களில் ஒருவர் ஷாஃபி, மற்றவர் ஹனஃபி. இருவருமே முஸாஃபிர், ஆகவே நான்கு ரக்அத்துகள் இரண்டாகின்றன. ஆனால் ஷாஃபித் தரப்பு லுஹரோடு அஸரையும் முற்படுத்திச் சேர்த்துத் துறையிலேயே தொழுதுவிட்டது. ஹனஃபித் தரப்புக்கு ஹஜ்ஜின்போது தவிர அப்படிச் சேர்க்க வழியில்லை. லுஹரைத் துறையில் தொழுது, அஸரைக் கரை இறங்கியதும் தொழுவதாகத் தீர்மானம். மூன்று மணி நேரமும் ஷாஃபித் தரப்பு நிம்மதியாக மரங்களைப் பார்த்தது, ஹனஃபித் தரப்பு கடிகாரத்தையும் மரங்களையும் மாறி மாறிப் பார்த்தது. பிள்ளைகள் யாருடைய மத்ஹபு வசதியானது என்று தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். பயணத் தொழுகைச் சலுகையை நம்மில் பலர் ஏதோ குறைபாடான தொழுகை போல எண்ணுகிறோம். சிலர் கூச்சத்தால் முழுமையாகத் தொழுகிறோம் என்று சொல்லி, இடமும் நேரமும் கிடைக்காமல் கடைசியில் களாவாக்குகிறோம். ஒரே ஊரில் தங்குவதாக எண்ணும் நாட்கள், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக, நான்குக்குக் குறைவு என்றால் ஷாஃபி வழியிலும், மொத்தம் 15க்குக் குறைவு என்றால் ஹனஃபி வழியிலும் சலுகை தொடர்கிறது. நகரத்தில் இரண்டு இரவு, காட்டில் மூன்று இரவு என்று பிரித்துத் தங்கியதால் பயணம் முழுவதும் நாங்கள் முஸாஃபிர்களாகவே இருந்தோம். சுற்றுலாத் திட்டத்தை வகுக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்வது நல்லது. ஐயமிருந்தால் புறப்படும் முன் உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுவிடுங்கள். விமான நிலைய வரிசையில் நின்று தொலைபேசியில் கேட்க வேண்டாம்.

தாமான் நெகாரா என்றால் மலாய் மொழியில் தேசியப் பூங்கா என்று பொருள். நெகாரா என்ற சொல் நாம் நகரம் என்று வழங்கும் சொல்லின் உறவினர். வடமொழியிலிருந்து போய் அங்கே நாடு என்ற பொருளைப் பெற்றிருக்கிறது. நகரத்தை விட்டு ஓடிவந்த எங்களை அந்தப் பெயரே வரவேற்றது. பகாங், கிளந்தான், திரெங்கானு ஆகிய மூன்று சுல்தான்களின் மாநிலங்கள் தங்கள் நிலத்திலிருந்து பகுதிகளை ஒதுக்க, 1938-39ஆம் ஆண்டுகளில் இந்தப் பூங்கா உருவாயிற்று. பிரிட்டிஷ் காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயர் வைத்திருந்தார்கள். பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். நம் பெருநகரச் சென்னை மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரைப் போலப் பத்து மடங்கு. இந்தக் காடு 13 கோடி ஆண்டுகள் பழமையானது என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. பூங்காவின் நுழைவுக் கட்டணமோ கோபுரத்துக்குக் கொடுத்ததில் ஒரு சிறு துளி.

முதல் இரவு பிள்ளைகள் ஏமாந்தார்கள். இதை மறைக்க விரும்பவில்லை. வண்டலூர் உயிரியல் பூங்காவில் கூண்டுக்கு அப்பால் புலியைப் பார்த்துப் பழகிய கண்கள் இவை. கட்டணம் கொடுத்தால் விலங்கு தெரியவேண்டும் என்பது அவர்கள் கற்றிருந்த நீதி. மழைக்காடு அப்படி நடந்துகொள்வதில்லை. பத்தடிக்கு அப்பால் எல்லாம் பச்சைச் சுவர். நாங்கள் கண்டவை: படகுத்துறையில் ஓர் உடும்பு, உயரத்தில் குரங்குக் கூட்டம், ஆற்றைக் கடந்த இரண்டு இருவாச்சிகள், சேற்றில் ஏதோ ஒன்றின் குளம்புத் தடம். அவ்வளவுதான். ஒலியோ வேறு கணக்கு. மஃரிபுக்குச் சற்று முன் சில்வண்டுகள் ஒரே சுருதியில் தொடங்கின. யாரோ இயந்திரத்தை இயக்கிவிட்டதாக மகன் நினைத்தான். ஆற்றின் அக்கரைக் கிராமத்திலிருந்து பாங்கு எழுந்தபோது இரண்டு ஒலிகளும் ஒன்றோடொன்று கலந்தன. காட்டின் ஒலி ஒரு நொடியும் நிற்கவில்லை. படைப்பு ஒவ்வொன்றும் தனக்குரிய துதியை அறிந்திருக்கிறது என்று மதரசாவில் கேட்டதை மகள் நினைவுகூர்ந்தாள். நாங்கள் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் இரவுதான் காட்டுக்குள் மறைவிடத்தில் தங்கினோம். பும்புன் என்கிறார்கள். தூண்கள்மேல் நிற்கும் ஒரு மரக்குடில், நீண்ட சாளரம், எதிரே விலங்குகள் உப்பு மண்ணை நக்க வரும் வெட்டவெளி. மின்சாரம் இல்லை, தொலைபேசிக்கு அலைவரிசை இல்லை. தாபிர் வரலாம், காட்டெருது வரலாம், வழிகாட்டி எதற்கும் உறுதி தரவில்லை. முறைபோட்டு விழித்திருந்தோம். இரவு இரண்டு மணியளவில் ஒரு கடமான் வந்தது. சில நிமிடம் நின்று, தலை தூக்கிக் கேட்டு, மறைந்தது. எட்டு மணி நேரக் காத்திருப்புக்கு அதுதான் கூலி. எங்கள் பதினான்கு வயது மகள் பிறந்ததிலிருந்து எங்களோடு அவ்வளவு நேரம் தொலைபேசி இல்லாமல் அமர்ந்திருந்ததில்லை. அந்த இருளில் தணிந்த குரலில் அவள் பள்ளியில் நடந்த சிலவற்றைச் சொன்னாள். வீட்டில் ஒருபோதும் சொல்லியிராதவை. அவை இங்கே எழுதுவதற்குரியவை அல்ல. ஆனால் இந்தப் பயணத்தில் எது செலவுக்குத் தகுதியானது என்று கேட்டால் நாங்கள் அந்த இரண்டு மணி நேரத்தைச் சொல்வோம். கோபுரத்தின் உச்சியில் அது நிகழ்ந்திருக்காது. அங்கே வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

சுப்ஹுக்குக் குடுவைத் தண்ணீரில் சிக்கனமாக ஒளூச் செய்தோம். திசைகாட்டியை வைத்துக் கிப்லா பார்த்து அந்த மரப்பலகைமேல் தொழுதோம். திரும்பி நடக்கும்போது மகன் புலியைப் பற்றிக் கேட்டான். வழிகாட்டி மறைக்காமல் சொன்னார்: நாடு முழுவதிலும் காட்டில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு. 1950களில் 3,000 அளவுக்கு இருந்ததாகக் கூறப்படும் இனம். கண்ணிகள், தோட்டங்களாகிவிட்ட காடுகள், குறுக்கே ஓடும் சாலைகள். நம் நாட்டில் 2022 கணக்கெடுப்பில் 3,682 என்று மதிப்பிட்டார்கள், தமிழ்நாட்டில் மட்டும் 306. நம்மிடம் இவ்வளவு இருக்கின்றன என்று மகன் முதலில் பெருமைப்பட்டான். பிறகு, "நாம் வாங்கும் பாமாயிலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?" என்று கேட்டான். உண்டு என்று சொல்ல வேண்டியதாயிற்று. மனிதனைப் பூமியில் கலீஃபாவாக, பொறுப்பாளனாக ஆக்கியதாக நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். பொறுப்பேற்ற இடத்தின் கணக்குப் புத்தகத்தை அவர்கள் பார்த்தது அன்றுதான்.

அட்டைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாகாது. காலுறையை முழங்கால்வரை இழுத்து, கால்சட்டையை அதற்குள் செருகியும் ஏறின. பெண்கள் நீண்ட அங்கியைச் சற்று உயரத் தைத்து, உள்ளே தளர்ந்த கால்சட்டை அணிந்தால் மரமேல் நடைபாலத்திலும் ஏறலாம், மறைப்புக்கும் குறைவில்லை. தரையில் புரளும் அங்கி அட்டைக்கு ஏணி. மறுபடியும் மத்ஹபு குறுக்கிட்டது. அட்டை குடித்து இரத்தம் வழிந்தால் ஷாஃபித் தரப்புக்கு ஒளூ முறியாது, கழுவிவிட்டுத் தொழலாம். ஹனஃபித் தரப்புக்கு முறியும். அட்டை குடித்துப் பருத்துவிட்டாலே முறியும் என்று அவர்களுடைய பழைய சட்ட நூல்கள் எழுதியிருக்கின்றன. எப்போதோ எங்கோ சதுப்பு நிலத்தில் நின்ற யாரோ ஒருவர் இதே ஐயத்தோடு தம் ஆசிரியரிடம் சென்றிருக்க வேண்டும். ஹனஃபித் தரப்பு அன்று ஐந்து முறை ஒளூச் செய்தது.

ஒரே ஒரு நிகழ்ச்சியை நாங்கள் மறுத்தோம். காட்டில் வாழும் பத்தேக் மக்களின் குடியிருப்புக்கு அழைத்துச் சென்று, அவர்கள் ஊதுகுழல் அம்பு எய்வதையும் தீ மூட்டுவதையும் காட்டும் பயணம் அது. எல்லாச் சுற்றுலா அட்டவணையிலும் இருக்கிறது. அவர்களில் சிலருக்கு அது வருமானம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் குழந்தைகளோடு ஒரு குடும்பம் தன் குடிசை முன் அமர்ந்திருக்க, இருபது பேர் கைப்பேசியை உயர்த்தி நிற்கும் படங்களைப் பார்த்தபோது எங்கள் மனம் ஒப்பவில்லை. 2019இல் இதே காட்டை ஒட்டிய கோலா கோ என்ற பத்தேக் ஊரில் தட்டம்மை பரவிப் பலர் இறந்தார்கள். வெளியாரின் இருமல்கூட அவர்களுக்கு ஆபத்தாகலாம். எங்களோடு வந்த வேறொரு குடும்பம் சென்று வந்து, நல்ல அனுபவம் என்றது. நாங்கள் செய்ததுதான் சரி என்று வாதிட மாட்டோம். நம் வீட்டு வாசலில் அப்படி இருபது பேர் வந்து நின்றால் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தோம், அவ்வளவே.

விமானம் ஏற முடியாதவர்களுக்கு இதே ஏற்பாடு நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ ஓரிரு நாள் நகரம், பிறகு ஆனைமலை. பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவுகளாக மிஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் சோலைமந்தியும் இருவாச்சியும் வாழ்கின்றன. யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதி இது. கொச்சியிலோ பழைய பள்ளிவாசல்களுக்குக் குறைவே இல்லை. மலேசியாவைப் பார்த்த கண்ணோடு சொல்கிறோம், சோலைமந்தியை அங்கே எவ்வளவு பணம் கொடுத்தாலும் பார்க்க முடியாது. அது உலகத்திலேயே இந்த மலைத்தொடரில் மட்டும்தான் இருக்கிறது.

அதற்கும் முடியாத மாதங்களில் ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிக்கரை இருக்கிறது. ஊர் திரும்பிய வாரத்தில் அங்கே போனோம். எங்கள் வீட்டிலிருந்து இவ்வளவு அருகில் இத்தனை நீர்ப்பறவைகள் இருப்பதை முன்பு ஏன் கவனிக்கவில்லை என்று வெட்கமாக இருந்தது. கரையில் பிளாஸ்டிக் தட்டுகள் கிடந்தன. பக்கத்து மண்டபத்து விருந்தின் மிச்சமாக இருக்கலாம். எந்தச் சமூகத்தின் விருந்து என்று தட்டில் எழுதியிருக்கவில்லை. பிரியாணி வாசனை மட்டும் இருந்தது. மகன் எங்களைப் பார்த்தான்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சொன்னோம். உம்ராவுக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்கத் தொடங்கியிருக்கிறோம் என்பதையும், அந்தப் பயணத்தில் அவரையும் அழைத்துச் செல்ல எண்ணியிருப்பதையும் சொன்னோம். அவர் எங்கள் வாதங்களில் பாதியை ஏற்றார், மீதியை ஏற்கவில்லை. மறைவிடத்தில் பதிவுசெய்த இரவு ஒலியை மகள் போட்டுக்காட்டியபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். அரையாண்டு விடுமுறையில் வால்பாறைக்கு அவரும் வருவதாக இருக்கிறார். முழங்கால் வலிக்குத் தைலம் எடுத்து வைத்தாயிற்று. அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அங்கேயும் அந்த அட்டை உண்டா?"

உண்டு என்றோம். மழை ஓய்ந்த மாதம் என்பதால் குறைவாக இருக்கும்.